சும்மா கொடுக்காத அத்தை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் யார் வீட்டில் எது தீர்ந்துபோனாலும் பிள்ளைகளைத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு கைப்பிடி மிளகாய், ஒரு துண்டு கருப்பட்டி, அடுப்புப் பற்றவைக்க ஒரு கொள்ளி. பிள்ளைகள் போய்க் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். கடைசிக் காம்பராவில், வரிசையின் கடைசி அறையில், இருந்த அத்தையிடம் அனுப்ப மட்டும் எல்லாரும் யோசிப்பார்கள். அத்தையைக் கஞ்சம் என்று சொல்ல முடியாது. கேட்டால் கொடுப்பாள். சும்மா கொடுக்க மாட்டாள், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு மழைநாளில் அம்மா ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் பூண்டைத் தேடினாள். பக்கத்துக் காம்பராக்கள் பூட்டிக் கிடந்தன. வேறு வழியில்லாமல் என்னைக் கடைசிக் காம்பராவுக்கு விரட்டினாள்.

"அத்தை, ரெண்டு பல்லுப் பூடு வேணுமாம்."

அத்தை போஞ்சிக்காய்களைக் குவித்துவைத்து நார் உரித்துக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மா வேணுமா, வேலைக்கு வேணுமா?"

எனக்கு விளங்கவில்லை. விழித்தேன். அவள் குவியலில் பாதியை என் பக்கம் தள்ளினாள். உட்கார்ந்து உரித்தேன். முடிந்ததும் இரண்டு பல் பூண்டைக் கையில் வைத்தாள். வாசலுக்கு வந்துவிட்ட என்னைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தாள்.

"நல்லா உரிச்சிருக்கே. அதுக்கு."

அந்த மூன்றாவது பல்லை அம்மா ரசத்தில் போட நான் விடவில்லை. "இது நான் சம்பாரிச்சது" என்று சொல்லி, தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். வீடே நாறுகிறது என்று அப்பா அதைத் தூக்கி எறியும்வரை அங்கேதான் இருந்தது. ஒரு மனுசிக்குச் சம்பாத்தியத்தில் ருசி எப்போது விழுந்தது என்று கேட்டால், எனக்கு அந்தப் பூண்டு வாசனையைத்தான் சொல்லத் தோன்றும்.

அத்தை என் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நோர்வூட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நெட்டையான உருவம். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். பிள்ளைகள் இல்லை. அவளுடைய புருஷன், எங்கள் மாமா, துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தார். சும்மா கொடுப்பதில் அவர் ராஜா. பூச்செடிக் கொப்பு, தீப்பெட்டி, தோளில் கிடக்கும் துண்டு, எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். அத்தை அதைத் தடுக்கவும் மாட்டாள். "அவரு சாமான, அவரு குடுக்கறாரு" என்பாள். ஆனால் அவளுடைய துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றால் அன்றைக்கு மாமாதான் விறகு பிளக்கவேண்டும்.

மாசம் ஒருமுறை ஒரு பண்டாரம் பாடிக்கொண்டு லயத்துக்கு வருவார். இரண்டு வரி பாடுவதற்குள் யாராவது அரிசி போட்டுவிடுவார்கள். அவர் பாட்டை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். அத்தை வாசலில் அது நடக்காது. ஒருநாள் அரிசி அளக்கும் கொத்துப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பாட்ட முடிங்க சாமி."

"முழுசாப் பாடினா பொழுது போயிருமே தாயி."

"பாதிப் பாட்டுக்குப் போட்டா அது பிச்ச. முழுசாப் பாடினா கூலி. உங்களுக்கு எது வேணும்?"

பண்டாரம் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முழுப் பாட்டையும் பாடினார். அவருக்கு அவ்வளவு நல்ல குரல் இருந்தது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது. அத்தை கொத்து நிறையப் போட்டாள். அதற்குப் பிறகு அவர் லயத்துக்கு வந்தால் முதலில் கடைசிக் காம்பராவுக்குத்தான் போவார்.

ஏன் இப்படி இருக்கிறாய் என்று அவளிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரே ஒருமுறைதான் அவள் காரணம் சொல்லி நான் கேட்டேன். "எங்கப்பாவுக்குக் கங்காணி ஒரு கம்பளி சும்மா குடுத்தாரு. கம்பளி கிழிஞ்சு, மக்கி, குப்பைக்கும் போயிருச்சு. எங்கப்பா சாகறவரைக்கும் அந்த ஆளக் கண்டா எந்திரிச்சு நின்னாரு" என்றாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

பூண்டு விஷயத்துக்குப் பிறகு நான் அவளை விடவில்லை. தினமும் போய் வாசலில் நின்று, "வேலை இருக்கா அத்தை?" என்று கேட்பேன். லயத்துக்குப் பின்னால் அவள் போஞ்சியும், கோவா என்கிற முட்டைக்கோசும் போட்டிருந்தாள். மலைத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் வேலையை எனக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூலி. சில்லறையைச் சேலைத் தலைப்பில் துடைத்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைப்பாள். முதல் ஞாயிற்றுக்கிழமையன்றே ஒரு சட்டம் போட்டாள்.

"இத என்ன பண்ணுவே, எதுக்குச் செலவழிப்பேன்னு நான் கேக்க மாட்டேன். அது உன்னுது. ஆனா உங்கிட்ட ஒரு காசு இருந்தா, அது எப்படி வந்துச்சுன்னு கேப்பேன். அதுக்கு நீ பதில் சொல்லணும்."

நான் ரிப்பன் வாங்கினேன், மிட்டாய் வாங்கினேன், ஒருமுறை ஊதவே முடியாத ஒரு புல்லாங்குழல் வாங்கினேன். அவள் சொன்னபடி ஒன்றுமே கேட்கவில்லை. புல்லாங்குழலைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விட்டதோடு சரி.

சம்பள வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட் கடைத்தெருவில் சாக்கை விரித்துக் காய்கறி விற்கப் போவாள். என்னையும் கூட்டிப்போக ஆரம்பித்தாள். முதல்நாள் ஒரு சிங்களப் பெண் வந்து, கோவாவைத் தூக்கிப் பார்த்து, "கீயத நங்கி?" என்று கேட்டாள். என்ன விலை தங்கச்சி என்று கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். விலையும் தெரியும். வாய்தான் வரவில்லை. வயிற்றுக்குள்ளேயே சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை, போய்விட்டாள்.

அத்தைக்குக் கோபமில்லை. "வெலைய முணுமுணுன்னு சொன்னா நீயே அத நம்பலேன்னு அர்த்தம். நீ நம்பாதத அவங்க ஏன் நம்பணும்? அந்தா போற பஸ்ஸுக்குக் கேக்கற மாதிரி சொல்லு" என்றாள்.

அடுத்த ஆள் கேட்டபோது நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை முதலாளி எட்டிப்பார்த்தார். வாங்க வந்தவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அத்தை குனிந்து சாக்கைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு மூட்டை காலியாகித்தான் திரும்பினோம். திரும்பும் வழியெல்லாம் நான் விலைகளைப் பாடிக்கொண்டே வந்தேன்.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வீட்டுக் கதை அதற்குப் பிறகு நடந்தது. லயத்தில் யார் காய்கறி போட்டாலும் முதல் பறிப்பு கணக்கப்பிள்ளை வீட்டுக்குச் சும்மா போய்விடும். கேட்டு வாங்குவதில்லை, ஆள் வருவான், கூடையோடு போவான். அந்தத் தடவை போஞ்சிக்கு ஆள் வந்தபோது அத்தை அவனை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, கூடையை என் தலையில் ஏற்றினாள்.

"கணக்கப்பிள்ளை ஐயா வீட்டம்மாகிட்ட குடுத்துட்டு, வெலையச் சொல்லி வாங்கிட்டு வா."

"அவங்க சும்மாதானே கேட்டாங்க அத்தை?"

"சும்மா கேட்டது அவங்க. வெலைக்குக் குடுக்கறது நான்."

அந்த வீட்டுப் படியேறிக் கூடையை நீட்டினேன். அந்த அம்மா கூடையை வாங்கி வைத்துவிட்டு, "சரி போ" என்றார். நான் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கடைத்தெருவில் சொல்வதுபோலவே விலையைச் சொன்னேன். அந்த அம்மா திடுக்கிட்டுப் போனார். பிறகு சிரித்துவிட்டார். உள்ளே போய்க் காசைக் கொண்டுவந்து கொடுத்து, "அடுத்த வாரம் கோவா இருந்தாலும் கொண்டா. இந்தச் சத்தம் மட்டும் வேணாம்" என்றார்.

கணக்கப்பிள்ளைக்கு அது சிரிப்பாக இல்லை. மறுநாள் மாலை கொழுந்து நிறுக்கும் இடத்தில் அத்தையின் கூடையைக் கிளறிப் பார்த்து, முத்தல் இலை என்று சொல்லி அரைப்பேர் போட்டார். பாதிநாள் கூலி போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அம்மாவுக்காக அங்கே காத்திருந்தேன். பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தை கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கமான மெதுவான குரலில் சொன்னாள்:

"என் கொழுந்துக்கு வெலை நீங்க சொல்றீங்க ஐயா, நான் வாங்கிக்கிறேன். என் போஞ்சிக்கு வெலை நான் சொன்னேன், அம்மா குடுத்தாங்க. இதுல கோவிக்க என்னாங்க இருக்கு?"

வரிசையில் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். அந்த வாரம் முழுக்க அத்தைக்கு அரைப்பேர்தான். பயந்துபோன நான் இனி விற்க மாட்டேன் என்று கூடையைத் தொடாமல் இருந்தேன். அவள் சட்டை செய்யவில்லை. அடுத்த வாரம் கோவாவை என் தலையில் ஏற்றி அதே வீட்டுக்கு அனுப்பினாள். அந்த அம்மா காசு கொடுத்துவிட்டு, "உங்க அத்தைக்கு முழுப்பேர் விழுதா?" என்று கேட்டார். இல்லையென்றேன். மறுநாளிலிருந்து விழுந்தது.

இத்தனையும் பார்த்த எனக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கும் விலை உண்டு என்ற ஞானம் ஏறிவிட்டது. அம்மா கடைக்குப் போகச் சொன்னால் "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டேன். அம்மா அகப்பையைத் தந்தாள், முதுகில். தம்பிமார் பம்பரத்துக்குச் சாட்டை திரித்துக்கொடுக்கக் கூலி வாங்கினேன். அம்மா அத்தையிடம் சண்டைக்கே போனாள்.

"எம்புள்ளையக் கெடுத்து வச்சிருக்கீங்க அண்ணி. பெத்த தாய்கிட்ட கூலி கேக்குறா."

"குடுக்காதே. குடுக்காத எடத்துல கேக்கக் கூடாதுன்னு அவளே தெரிஞ்சுக்குவா" என்றாள் அத்தை.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு நான்கு காம்பரா தள்ளி ஓர் அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவளால் பீலிக்குப் போக முடியவில்லை. நான் குடத்துக்கு இவ்வளவு என்று பேசித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். வாரக்கடைசியில் என் கையிலிருந்த சில்லறையைப் பார்த்து அத்தை தன் கேள்வியைக் கேட்டாள். எப்படி வந்தது என்று நானும் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் கழுவிக்கொண்டு, "வா, புள்ளையப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

போனோம். பிள்ளை கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தது. அத்தை அதன் கையைப் பிரித்து ஒரு வெள்ளிக்காசை வைத்து மூடினாள். பிறந்த பிள்ளையைப் பார்க்கப் போனால் கையில் காசு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை என்னைக் காட்டி அக்காவிடம் கேட்டாள்.

"இவ தெனமும் வந்து புள்ளையப் பாக்குறாளே. என்ன குடுத்தா?"

அக்கா சிரித்துக்கொண்டே, "அவ சின்னப் புள்ளைதானே அத்தை" என்றாள்.

"சின்னப் புள்ளை இல்ல. சம்பாரிக்கிறவ."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரே சமயத்தில் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. பாவாடை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை வைத்தேன். அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னொன்று வைத்தேன். பிள்ளை அதைப் பிடித்த பிடி இருக்கிறதே, என்னைவிடக் கெட்டிக்காரி. கடைசியில் முடிச்சு காலியானது. வெளியே வந்து லயத்து வாசலில் நடந்தபோது அத்தை என் தோளில் கைபோட்டுக்கொண்டாள். அவள் அப்படிச் செய்வது அபூர்வம். மறுநாளும் தண்ணீர் ஊற்றப் போனேன், கூலி பேசவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க நோர்வூட்டுக்குப் போகவேண்டும். எங்கள் லயத்திலிருந்து அதுவரை ஒரு பெண்பிள்ளையும் போனதில்லை. எனக்கும் போகவேண்டுமென்று இல்லை. எனக்கு வேண்டியது தோட்டத்தில் பேர் பதிவது. சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு குறைந்த சம்பளம் அப்போது இருந்தது. சம்பள நாளில் பெரியவர்களோடு வரிசையில் நின்று வாங்கவேண்டும் என்பதே என் கனவு. அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தார். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். நானே ஆசைப்பட்டுக் கேட்டதும் அவர் தயங்கித் தயங்கி ஒத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகவேண்டும். கொழுந்து பறிக்கிறவர்களைப்போல இடுப்பில் கட்டிக்கொள்ள அம்மா எனக்கு ஒரு பழைய சாக்கை அளவாக வெட்டிக் கொடுத்தாள்.

அதைக் கட்டிக்கொண்டு அத்தையிடம் காட்டப் போனேன். அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எவ்வளவு தருவாங்களாம்?" என்று கேட்டாள். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது.

மாலையில் அத்தை எங்கள் காம்பராவுக்கு வந்தாள். காரணமில்லாமல் அவள் யார் வீட்டுக்கும் போவதில்லை. அம்மா அவசரமாகத் தேத்தண்ணி போட்டாள்.

"தம்பி, எனக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள் அப்பாவிடம். "பகல் வேலை. இந்தப் புள்ளைய விடு. தோட்டம் என்ன குடுக்குதோ அத நான் குடுக்கறேன்."

"உங்க போஞ்சிப் பாத்திக்குப் பகலெல்லாம் ஒரு ஆளா அக்கா?"

"பாத்திக்கு இல்ல. நோர்வூட் பள்ளிக்கூடத்துக்கு."

அம்மா கையில் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். "பள்ளிக்கூடம் போறதுக்குக் கூலியா?"

"ஆமா. அங்க என்னதான் சொல்லிக்குடுக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். நான் போய் ஒக்காந்தா தொரத்திருவாங்க. அதனால ஆள் வச்சு அனுப்பறேன். காலையில போவணும். அவங்க சொல்றதையெல்லாம் பறிச்சு, சாயங்காலம் கொண்டாந்து என் முன்னால கொட்டணும். கூடை நெறஞ்சிருந்தா முழுப்பேர். கொறஞ்சிருந்தா அரைப்பேர்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அக்கா, எங்களுக்கு ஒத்தாசை பண்றதுக்காக நீங்க…"

"ஒத்தாசைன்னு நான் சொன்னேனா?" அத்தையின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "வேற ஆளு கெடைச்சாலும் வச்சுக்குவேன். இவளுக்கு வாய் இருக்கு, அதான் கேக்கறேன். வேலைக்கு விடறதுன்னா விடு. இல்லேன்னா சொல்லிரு."

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான் அத்தையைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழமை?" என்று கேட்டேன்.

"லீவு. கடைத்தெருவுக்கு வந்தா அதுக்குத் தனி."

"புஸ்தகம்?"

"அது மொதலாளி செலவு."

"சரி" என்றேன். அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். திங்கட்கிழமை நான் நோர்வூட்டுக்கு நடந்தேன். அளவாக வெட்டிய சாக்கு எங்கள் வாசலில் கால்மிதியானது.

அந்த வருஷம் மலைக்கு முதலில் ஏறுகிறவளும் கடைசியில் இறங்குகிறவளும் அத்தைதான் என்று அம்மா சொல்வாள். மாமா பங்களாவிலிருந்து வந்ததும் பாத்தியில் இறங்கிவிடுவார். எனக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. என் முதலாளி எவ்வளவு கெடுபிடியானவள் என்பதுதான் தெரிந்தது. தினமும் மாலையில் அவள் காய் ஆய்ந்துகொண்டும் விறகு அடுக்கிக்கொண்டும் இருப்பாள். நான் பின்னாலேயே நடந்து பாடத்தைக் கொட்டவேண்டும். வகுப்பில் தூங்கிவிட்டு வந்த ஒருநாள், பழைய பாடத்தையே மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். "இது முந்தாநாள் எடுத்த கொழுந்து. வாடிப்போச்சு" என்று அரைப்பேர் போட்டாள். பூமி சுற்றுகிறது என்று சொன்ன அன்றைக்கு, "சுத்துதுன்னா நமக்கு ஏன் தல சுத்தல?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதற்கும் அரைப்பேர். மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று அதையே டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் மகிழ்ந்துபோய்ப் பலகையில் படம் போட்டு விளக்கினார். அரைப்பேர் வாங்கக் கூடாது என்பதற்காகக் கேள்வி கேட்கத் தொடங்கியவள், பிறகு கேட்காமல் இருக்கமுடியாத பிள்ளையாகிவிட்டேன். பிற்காலத்தில் நானும் ஒரு வகுப்பறையில் நின்று பலகையில் எழுதியிருக்கிறேன். எழுந்து நின்று கேட்கிற பிள்ளை எதுவானாலும் எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது வருஷத்தின் பாதியில் அப்பாவுக்கு ஸ்டோரில் கொஞ்சம் நல்ல வேலை கிடைத்தது. ஒரு மாலை நேரம், நான் அத்தை வீட்டில் இருந்தபோது சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, இனிமே இவ படிப்ப நான் பாத்துக்கறேன். எம்புள்ளைய எனக்கே குடுத்துருங்க."

அத்தை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "வேலை நல்லாப் பழகின ஆளு தம்பி. இப்ப நிறுத்தினா நான் யாரப் புடிப்பேன்?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மாமா மூலையிலிருந்து, "விட்டுக் குடேன்" என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"நீ என்னா சொல்றே?"

"பள்ளிக்கூடத்துக்கு அப்பாவுக்காகப் போறேன். சாயங்காலம் இங்க வர்றேன்" என்றேன். "கூலி வேணாம் அத்தை. எனக்கு உங்ககிட்ட சொல்லலேன்னா படிச்ச மாதிரியே இல்ல."

அத்தை அப்பாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர் கும்பிட்டுவிட்டு, கும்பிடுவது அவளுக்குப் பிடிக்காது என்று நினைவு வந்து, அவசரமாகக் கையை இறக்கிக்கொண்டு போனார்.

வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"நோர்வூட் பாலத்துக்கடியில ஓடுதே ஆறு, அது எங்க போகுதுன்னு."

"எங்க போகுது?"

"கெழக்க போறதில்ல அத்தை. மேற்க எறங்கி, வேற ஆத்தோட சேந்து, கொழும்புல போய்க் கடல்ல விழுது."

"நம்ம மலையில பேயற மழையெல்லாமா?"

"எல்லாந்தான்."

அத்தை மடியிலிருந்த காய்களைக் கூடையில் போட்டு, கூடையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு முன்னால் வந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"கொழும்பு வரைக்கும் போவணுமே. மெதுவாச் சொல்லு" என்றாள்.